சிரிஞ்சைக் கீழே வைங்க டாக்டர்!

டிர்ர்ரிங்...!

சாத்தூரில் அந்தத் தனியார் ஆஸ்பத்திரியின் ஆபரேஷன் தியேட்டருக்குள் போன் அலறியது.

மயக்க மருந்து டாக்டர் தங்கச்சாமி கையில் சிரிஞ்ச். மேஜையில் குடல்வால் வலியில் பேசக்கூட முடியாமல் சுருண்டு கிடந்தான் ராம்குமார். அடுத்த வாரம் அவனுக்குக் கல்யாணம்!

நர்ஸ் இசைவாணி ஸ்பீக்கரைப் போட்டாள்.

பெண் குரல். கிசுகிசுப்பு!

"டாக்டர்... தசையைத் தளர்த்துற ஊசியைப் போட்டீகன்னா அவரு செத்துருவாரு!"

டொக்!

கொலை மிரட்டல்!

தங்கச்சாமிக்குப் புல்லரித்தது. பஸ் ஸ்டாண்டில் வாங்கிப் படித்த துப்பறியும் கதைகள் வீண்போகவில்லை! சிரிஞ்சை வைத்துவிட்டு, தொப்பையை எக்கிக்கொண்டு வெளியே பாய்ந்தார்.

வராந்தாவில் மூன்றே பேர். ராம்குமாரின் அம்மா பொன்னுத்தங்கம். மணப்பெண் ஆர்த்தி. அவள் அப்பா, பட்டாசுக் கம்பெனி முதலாளி ராஜபாண்டியன்.

போனில் வந்த நம்பரைத் தன் செல்லில் அழுத்தினார்.

ஆர்த்தியின் கைப்பை பாடியது!

"கொலைகாரி! மாட்டுனியா?"

"கொல்லப்போறவ முன்கூட்டியே போன் பண்ணிச் சொல்லுவாளா டாக்டர்?"

இந்த இடம் தங்கச்சாமி படித்த எந்தக் கதையிலும் வரவில்லையே...

ஆர்த்தி உடைந்து அழுதாள்.

"அவருக்குத் தசையில சர்க்கரைச் சத்து தேங்குற பரம்பரை வியாதி. அந்த ஊசி ஆகவே ஆகாதுன்னு மதுரை டாக்டர் சொல்லிருக்காரு. அப்பா காதுல விழுந்தா கல்யாணத்தை நிறுத்திருவாக... அதான் ஒளிஞ்சு பேசினேன்!"

தங்கச்சாமி பொன்னுத்தங்கத்தின் பக்கம் திரும்பினார். ஊசி இறங்கியிருந்தால் தசை சிதைந்து, ரத்தத்தில் பொட்டாசியம் எகிறி, இதயம் நின்றிருக்கும்!

"ஏம்மா, ஒரு வியாதியும் கிடையாதுன்னு சொன்னீகளே!"

பொன்னுத்தங்கம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சம்பந்தி பக்கத்துல நின்னாகளே டாக்டர்... ஏத்தா ஆர்த்தி, உனக்கு யாரு சொன்னா?"

"அவருதான் அத்தை. பொண்ணு பாக்க வந்தன்னைக்கே!"

எல்லோரும் ராஜபாண்டியனைப் பார்த்தார்கள்.

அவர் தொண்டையைச் செருமினார்.

"எனக்கும் தெரியும் மதினி. விசாரிக்காமலா பொண்ணு குடுப்பேன்? தங்கமான பையன். நீங்க சங்கடப்படுவீகன்னு வாயைத் தொறக்கல."

அடக் கடவுளே! ஊசி போடுகிற ஆளைத் தவிர அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கிறது!

தங்கச்சாமி தியேட்டருக்குள் ஓடினார். முழு மயக்கம் வேண்டாம், முதுகில் போட்டு மரத்துப்போகச் செய்கிற ஊசி போதும் என்று முடிவானது. குடல்வால் வெளியே வந்தது. மாப்பிள்ளை பிழைத்தான்.

இசைவாணி டீயை நீட்டினாள்.

"கொலைகாரனைப் பிடிச்சிட்டீகளா டாக்டர்?"

"மயிரிழையில தப்பிச்சிட்டான்மா!" என்றார் தங்கச்சாமி. "இந்தா, உன் கையால டீ வாங்கிக் குடிக்கான்!"