புதன்கிழமை மழை

தேங்கிய நீரைக் கண்டால் கொட்டுவது எங்கள் வீட்டில் என் வேலை. புந்தோங்கில் எங்கள் வீட்டு வரிசையில் இரண்டு பேருக்கு டிங்கிக் காய்ச்சல் வந்த பிறகு, பள்ளியில் எனக்குப் பச்சை பேட்ஜ் ஒன்று கொடுத்தார்கள். கொசுப் படத்தின் மேல் சிவப்புக் கோடு போட்ட பேட்ஜ். நான்காம் ஆண்டு வகுப்பில் அது மூன்று பேருக்குத்தான் கிடைத்தது.

அந்தப் புதன்கிழமை மழை விட்டதும் வீட்டின் பின்பக்கம் போனேன். மதிலோரம் ஒரு பிளாஸ்டிக் பிஸ்கட் டப்பா. உள்ளே நீர். கை தானாகக் கொட்டிவிட்டது. அதன் பிறகுதான் டப்பாவில் ஒட்டியிருந்த அளவுகோல் கண்ணில் பட்டது.

அது ஷர்மினி அக்காவின் மழைமானி.

அக்கா இடைநிலைப் பள்ளியில் படிவம் நான்கு. விடுமுறையில் பல்கலைக்கழகம் நடத்திய இரண்டு வார அறிவியல், கணித வகுப்புக்குத் தினமும் பஸ்ஸில் போய்வந்தாள். கோப்பெங், தம்பூன் என்று பல இடங்களிலிருந்து நாற்பது பேர் வந்தார்கள். ஒவ்வொருவரும் தங்கள் இடத்தில் ஏழு நாள் மழையை அளக்க வேண்டும். சனிக்கிழமை எல்லா அளவுகளையும் வரைபடத்தில் ஏற்றுவார்கள். ஒரு நாள் விட்டுப்போனாலும் அந்த இடத்தின் பெயர் வராது. புந்தோங்கிலிருந்து போனவள் அக்கா மட்டும்தான்.

செவ்வாய் வரை டப்பா முன்வாசலில் இருந்தது. பூனை தட்டிவிடுமோ என்று அக்கா புதன் காலையில்தான் அதைப் பின்னால் மாற்றியிருந்தாள்.

ஆறு மணிக்கு அக்கா வந்ததும் நானே சொல்லிவிட்டேன். அவள் பையைக் கழற்றாமல் படியில் உட்கார்ந்தாள்.

"எவ்ளோ இருந்துச்சு? ஒரு விரலா? ரெண்டு விரலா?"

"பாக்கலக்கா. கொட்டிட்டேன்."

"ஆறாவது நாளு, சரளா!" தாளை எடுத்து வைத்துக்கொண்டு பேனாவைக் கடித்தாள். "இருபதுன்னு எழுதிடவா? யாருக்குத் தெரியும்?"

 ஆனால் அவள் எழுதவில்லை.

நான் கேட்டேன். "அக்கா, மழை நம்ம வீட்டுக்கு மட்டுமா பெஞ்சது?"

அக்கா பேனாவை வாயிலிருந்து எடுத்தாள். "வா, வேற எங்க மழைத் தண்ணி நிக்குதுன்னு பாப்போம்."

பக்கத்து வீட்டு வீரம்மா அக்காவின் வாளி நிரம்பி வழிந்தது. "கூரைத் தண்ணியும் சேர்ந்து விழுந்திருக்கு. செல்லாது," என்றாள் ஷர்மினி அக்கா. ஒரு மோட்டார் சைக்கிள் கூடையில் ஹெல்மெட் மல்லாந்து கிடந்தது. "உருண்டையா இருக்கு. பக்கமெல்லாம் நேரா இருக்கணும்." மற்ற வீடுகளில் ஒரு சொட்டுகூட இல்லை. எல்லாரும் கொட்டியிருந்தார்கள்.

"போன மாசம் வீடு வீடாப் போய்ச் சொன்னியே, எல்லாம் உன் வேலைதான் லா," என்றாள் அக்கா.

ஜைனுலாப்தீன் மாமா சாப்பாட்டுக் கடையின் பின்சந்துக்கு வந்தோம். சிமெண்டுத் தரையில் ஒரு பெரிய அலுமினியக் கறிப் பானை. டிரம் மாதிரி நேரான பக்கம். நான் உள்ளே உட்கார்ந்தால் தலை மட்டும்தான் தெரியும். மாமா அதைக் கவிழ்க்கக் குனிந்துகொண்டிருந்தார்.

"மாமா, கொட்டாதீங்க!"

மாமா துள்ளி விலகினார். "என்னாம்மா? பாம்பா?"

"இல்ல மாமா, மழை!"

"மழைக்கா இப்படிக் கத்துன?"

அக்கா மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டாள். "பானைய எப்ப வெளிய வச்சீங்க மாமா?"

"மத்தியானம் கழுவிக் காய வச்சேன். திரும்பிப் பாக்குறதுக்குள்ள மழை. அப்படியே விட்டுட்டேன்."

"அப்ப இது இன்னிக்கு மழை மட்டும்தான்," என்றாள் அக்கா. அளக்க ஏதாவது எடுத்துவர நான் வீட்டுக்கு ஓடினேன்.

பள்ளி அளவுகோலில் பூச்சியத்துக்கு முன்னால் கொஞ்சம் வெற்றிடம் இருக்கும். அடியிலிருந்து அளக்க அது சரிவராது. அப்பாவின் இரும்பு டேப்பில் நுனியிலிருந்தே கணக்கு தொடங்கும். அப்பா வீடுகளுக்குக் கூரையடியில் சிலிங் பலகை போடுபவர். போன வருடம் இறந்துபோனார். அதற்குப் பிறகு அந்த டேப் அலமாரியிலேயே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. நான் எடுத்துக்கொண்டு ஓடினேன்.

அக்கா அதைப் பானைக்குள் செங்குத்தாக நிறுத்தினாள். இருபத்தெட்டு மில்லிமீட்டர்.

டேப்பை என் சட்டையில் துடைத்தேன். ஈரத்தோடு சுருட்டினால் துருப்பிடிக்கும் என்று அப்பா சொல்வார்.

"அக்கா, பானை இவ்ளோ பெருசு. நம்ம டப்பா சின்னது. ரெண்டும் எப்படி ஒண்ணாகும்?"

"பானையில நிறைய மழை விழும். ஆனா அது பரவி நிக்கவும் நிறைய இடம் இருக்கே. அதனால உயரம் ஒண்ணாத்தான் இருக்கணும்."

"இருக்கணுமா, இருக்கா?"

அக்கா மறுபடியும் பானைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"நாளைக்கு ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாப்போமா?" என்றேன்.

"நாளைக்குமா?" என்றார் மாமா. "அப்ப மீன் கறிய நான் எதுல வைக்கிறது? உங்க டப்பாவுலயா?" பிறகு தலையைச் சொறிந்தார். "சரி சரி, சின்னப் பானை ரெண்டுல வச்சுக்கிறேன். இத எடுத்துக்குங்க."

வியாழக்கிழமை அக்கா வகுப்பிலிருந்து சீக்கிரம் வந்துவிட்டாள். டப்பாவைப் பின்சந்தில் பானைக்குப் பக்கத்தில் வைத்தோம். நான்கு மணி வரை வானம் சும்மா கறுத்துக்கொண்டு நின்றது. மாமா இரண்டு தடவை வெளியே வந்து எங்களைப் பார்த்துவிட்டுப் போனார். ஐந்துக்குத்தான் கொட்டியது.

டப்பாவில் ஒன்பது. பானையில் ஒன்பது.

"அடேங்கப்பா!" என்றார் மாமா, அவரே சமைத்த மழை போல.

சனிக்கிழமை வகுப்பின் கண்காட்சிக்கு அம்மா கையுறைத் தொழிற்சாலையில் லீவு எடுத்துக்கொண்டு வந்தார். வரைபடத்தில் புந்தோங்கின் மேல் ஒரு சிவப்புப் புள்ளி இருந்தது. பக்கத்தில் அக்காவின் தாள். விரிவுரையாளர் அதைப் படித்துவிட்டு, "கறிப் பானையா?" என்று மலாயில் கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். அக்கா வியாழக்கிழமை அளவையும் காட்டி விளக்கினாள். சிரிப்பு நின்றது.

"இது யார் யோசனை?"

அக்கா என்னைக் காட்டினாள். "கொட்டுனதும் இவதான்." நான் பேட்ஜைக் கையால் மூடிக்கொண்டேன்.

எல்லாரும் போன பிறகும் அம்மா அந்தத் தாளின் முன்னாலேயே நின்றார். புதன்கிழமைக்கு நேரே, கருவி என்ற இடத்தில், அக்கா எழுதியிருந்தாள்: கறிப் பானை. அப்பாவின் டேப்.

மறுநாளும் மழை பெய்தது. பின்பக்கம் போனேன். மதிலோரம் டப்பா, உள்ளே நீர்.

"அக்கா, கொட்டலாமா?"

"எவ்ளோ இருக்கு?"

"பதினாலு," என்றேன். பிறகு கொட்டினேன்.