மூன்றாம் பட்டம்

1957 ஜூலை மாதம், ஒரு மதிய வேளையில் ராஜரத்தினம் காஜா பெராங் சாலையில் பேருந்தை விட்டு இறங்கினார். சிரம்பானில் பதினெட்டு ஆண்டுகள் தமிழ்ப்பள்ளி ஆசிரியராக இருந்தவர். மனைவி இறந்தபின் அமைதியான ஓர் இடம் கிடைத்தால் போதும் என்றிருந்தார். மறுநாள் காலை அங்கிருந்த சிறிய சைவ மடத்தின் நான்காவது தலைவராக அவர் பட்டமேற்க வேண்டும்.

சமையல்கார அஞ்சலை கதவைத் திறந்துவிட்டு, உள்ளே வராமல் பின்கட்டுக்குப் போய்விட்டாள்.

கூடம் இருட்டாக இருந்தது. நடுவில், தலைவர்கள் அமரும் மர மணை. அதை நெருங்கியதும் சீழ்ப்பிடித்த புண்ணின் வாடை மூக்கில் ஏறியது. அதற்கு அடியில் காட்டு ஈரமண்ணின் வாடை. எங்கோ சுவருக்குள் இரும்பை இரும்பு அடித்தது. மெதுவாக, நிதானமாக.

"பக்கத்துல தண்டவாள வேலை நடக்குதாம்மா?" என்று பின்கட்டை நோக்கிக் கேட்டார்.

"இங்க ஏது சாமி தண்டவாளம்? இருந்ததையும் ஜப்பான்காரன் பேத்து சயாமுக்குக் கொண்டு போயிட்டானே."

பட்டமேற்பவர் முன்னோர் பெயர்களை வரிசையாகச் சொல்லித்தான் மணையில் அமர வேண்டும். ராஜரத்தினம் சொல்லிப் பார்த்தார். முதற்பட்டம், இரண்டாம் பட்டம், தடையில்லாமல் வந்தன.

"மூன்றாம் பட்டம், சேதுபதி சுவாமிகள்."

காதருகே ஒரு மூச்சு பட்டது.

"பொய்."

பின்கட்டுக்கு ஓடினார். அஞ்சலை அவர் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள். அடங்கிய குரலில் சொன்னாள்.

"ரெண்டாவது சாமி, தனக்கப்புறம் தன் சீடர் நல்லையான்னுதான் எழுதி வெச்சாரு. ஜப்பான்காரன் காலத்துல சயாம் காட்டுல ரயில் போட மடத்துலருந்து ஒரு ஆளு கேட்டான். குழுத் தலைவர் அப்பாசாமி ஐயா நல்லையா பேரைக் குடுத்துட்டு, தன்னோட அக்கா மகன் சேதுபதிய உக்கார வெச்சாரு. போன நல்லையா வரவே இல்ல."

"சேதுபதி எப்படி இறந்தாரு?"

"மணையிலதான். போன மாசம். வாய் நெறைய மண்ணு சாமி."

காலையில் நாற்பது பேர் கூடியிருந்தார்கள். நிர்வாகக் குழுத் தலைவர் அப்பாசாமியை ராஜரத்தினம் ஓரமாக அழைத்தார்.

"ஐயா, மூணாவது பேரு நல்லையாதானே?"

அப்பாசாமியின் முகம் இறுகியது. "செத்தவன் பேரு எதுக்கு தம்பி? எழுதிக் குடுத்ததைப் படிச்சிட்டு உக்காருங்க லா."

ராஜரத்தினம் மணையருகே போய்க் கண்ணை மூடினார். எழுதிக் கொடுத்ததைப் படிக்கவில்லை.

"மூன்றாம் பட்டம், நல்லையா சுவாமிகள்."

கூட்டம் சலசலத்தது. வாடை சட்டென்று நின்றது. சுவருக்குள் இரும்புச் சத்தமும் ஓய்ந்தது. செய்ய வேண்டியதைச் செய்துவிட்டோம் என்ற நிம்மதியோடு மணையில் அமர்ந்தார்.

"நான்காம் பட்டம்..."

அவர் மடியில் யாரோ உட்கார்ந்தார்கள்.

ஈரமாக. எலும்பெல்லாம் குத்த.

கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. வேட்டி மட்டும் பாரத்தில் அமுங்கி நனைந்தது.

"மூணாவது ஆளு இன்னும் எந்திரிக்கலையே," என்றது குரல். அதில் கெஞ்சல் இல்லை.

ராஜரத்தினம் உருண்டு கீழே விழுந்து, தவழ்ந்தே விலகினார். அப்பாசாமி கோபத்தோடு முன்னால் வந்தார். "என்ன நாடகம் இது?" என்று மணையில் கைவைத்தார்.

கை திரும்ப வரவில்லை.

அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்க, அவர் மணிக்கட்டு பின்னோக்கி வளைந்தது. எலும்பு முறிந்த சத்தம் வாசல்வரை கேட்டது.

"நல்லையா, விடுப்பா. நான்தான் பேரு குடுத்தேன். விடுப்பா."

விடவில்லை. நான்கு பேர் இழுத்துத்தான் அவரை வெளியே கொண்டுவந்தார்கள். மூன்றாம் நாள் இறந்துபோனார். மடத்தைப் பூட்டினார்கள்.

மெர்டேக்கா சுதந்திர விழா முடிந்து இரண்டு வாரம் கழித்து, நியமனக் கடிதத்தைக் குழுவிடம் திருப்பிக் கொடுக்க ராஜரத்தினம் வந்தார். தெருவில் கொடிகள் இன்னும் தொங்கின. பூட்டிய மடத்துப் படியில் அஞ்சலை ஒரு செம்புத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தாள்.

"யாருக்கும்மா?"

"உள்ள இருக்கிறவருக்கு. தெனமும் கதவுக்குப் பின்னால நின்னு கேக்குறாரு."

"வைக்காதீங்க."

அவள் பூட்டைப் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"ஒருநா வைக்கல சாமி. வீட்டுக்கு வந்து கேட்டாரு."