மூன்றாவது படம்

கதவு திறந்திருந்தது. மூன்றாவது படத்தில் மட்டும்.

மார்லிஸ் கைபேசியை முகத்தருகே கொண்டுபோய் மறுபடி பார்த்தாள். அமெரிக்காவின் டுலூத் நகரில் விற்பனைக்கு வரும் வீடுகளைப் படமெடுப்பது அவள் பிழைப்பு. கைபேசியைத் தொட்டால் போதும், முக்காலியில் நிற்கும் கேமரா ஒரே காட்சியை அளவாக, இருட்டாக, கண் கூசும் வெளிச்சமாக மூன்று முறை எடுத்துக் கைபேசிக்கு அனுப்பும். மூன்றையும் ஒன்றாக்கினால் ஜன்னலுக்கு வெளியே உறைந்து கிடக்கும் ஏரியும் தெரியும், சமையலறை மூலையும் தெரியும். நடுவில் எதுவும் அசையக் கூடாது.

அதற்காகத்தான் சமையலறையை ஒட்டிய சாமான் அறைக் கதவுக்கு வெளியே கொண்டி போட்டிருந்தாள். உள்ளே வீட்டுக்காரி டுவோமினென் அம்மா இருந்தாள்.

"கிழவி எந்தப் படத்துலயும் விழக் கூடாது மார்லிஸ்," என்று வீட்டுத் தரகர் கொரின் காலையிலேயே சொல்லியிருந்தாள். "வாங்க வர்றவங்க மூஞ்சியச் சுளிப்பாங்க."

ஒவ்வோர் அறையாகத் தள்ளித் தள்ளி, கடைசியில் மாவு மூட்டைக்கும் ஊறுகாய்ப் புட்டிகளுக்கும் நடுவே நாற்காலி போட்டு உட்காரவைத்தாயிற்று.

"அம்பது வருஷம் இந்த அடுப்படியிலதாம்மா நின்னேன்," என்றாள் கிழவி. "ஒரு ஓரமா நானும் நின்னுக்கறேனே?"

"அஞ்சே நிமிஷம்மா. ஆடாம அசையாம இருங்க, போதும்."

கொண்டியை மாட்டியபோதே மார்லிஸுக்குக் கூசியது. நாயைக்கூட யாரும் இப்படி அடைக்க மாட்டார்கள். அந்தக் கூச்சத்தில்தான் மாடிக்குப் போனாள். ஐந்து நிமிடம் ஒரு மணி நேரமாகியும் கீழே வர மனம் வரவில்லை. வந்த பிறகும் கதவைத் திறக்கவில்லை. திறந்தால் அந்த முகத்தைப் பார்க்க வேண்டுமே! இந்த ஒரு காட்சியை முடித்துக்கொள்வோம் என்று கைபேசியை அழுத்தினாள்.

இப்போது நிமிர்ந்து பார்த்தாள். கதவு மூடித்தான் இருந்தது. கொண்டியும் போட்டபடியே. குளிர்பெட்டியின் முனகல், கண்ணாடியில் காற்று உரசும் சத்தம், எங்கிருந்தோ ஊறுகாயின் புளித்த வாடை.

மறுபடி எடுத்தாள். முதல் படத்தில் மூடிய கதவு. இரண்டாவதிலும் அப்படியே. மூன்றாவதில் இன்னும் அகலத் திறந்திருந்தது. இடுக்கில் கிழவியின் சாம்பல் நிறக் காலுறை.

"அம்மா?"

கதவருகே போனாள்.

"கோவமாம்மா? தப்புத்தான். என்னை மன்னிச்சிடுங்க."

கொண்டியை எடுத்தாள். கதவை இழுத்தாள்.

டுவோமினென் அம்மா நாற்காலியில் இல்லை. கதவடியில் குத்துக்காலிட்டு, மரத்தில் நெற்றியைச் சாய்த்திருந்தவள், கதவோடு சேர்ந்து வெளியே சரிந்தாள். சில்லிட்டிருந்தாள். நகங்களுக்குள் வெள்ளைப் பெயிண்ட். கதவின் உட்புறம் நெடுகக் கீறல்கள்.

கூப்பிட்டிருப்பாள். மாடிக்குக் கேட்டிருக்காது. கேட்டிருந்தாலும் நான் வந்திருப்பேனா? மார்லிஸுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கைபேசியை இறுக்கிப் பிடித்தாள். பெருவிரல் பட்டுவிட்டது.

முதுகுக்குப் பின்னால் கேமரா மூன்று முறை சொடுக்கியது.

முதல் படம் வந்தது. திறந்த கதவு, கீழே கிழவி, குனிந்து நிற்கும் மார்லிஸ்.

இரண்டாவது. அதேதான், இருட்டாக.

மூன்றாவது.

கதவு மூடியிருந்தது. வெளியே கொண்டி. அதன் முன்னால் தலைமுடியை ஒதுக்கிவிட்டு, கேமராவைப் பார்த்து வெட்கத்தோடு சிரித்தபடி டுவோமினென் அம்மா நின்றாள். மார்லிஸ் எங்கும் இல்லை.

ஊறுகாய் வாடை மூக்கில் ஏறியது. மார்லிஸ் மெல்லத் தலையை நிமிர்த்தினாள்.

எதிரே, முகத்துக்கு நேராக, மூடிய கதவின் உட்புறம். கீறல் விழுந்த வெள்ளை மரம்.