கீழ்மட்டத்து விளக்குகள்

மூடிக்கிடந்த சுரங்கத்தின் தண்டவாளத்தில் துருவே இல்லை. தினமும் வண்டி ஓடித் தேய்த்ததுபோல் பளபளத்தது. அவள் அதைக் கணவனிடம் காட்டினாள். அவன் பார்த்தும் பார்க்காததுபோல் நடந்தான்.

பழைய செம்புக் கம்பியை வெட்டி எடுத்து விற்கிறேன் என்று காலையில் உள்ளே போன அவள் தம்பி, சாயங்காலமாகியும் வெளியே வரவில்லை.

"உன் தம்பி சரியான தூங்குமூஞ்சிடி. எங்கயாவது குறட்டை விட்டுக்கிட்டுக் கிடப்பான்."

"கிடந்தா உதைச்சு எழுப்புங்க. முதல்ல அவனைக் கண்ணுல காட்டுங்க."

சரிவில் இறங்க இறங்க, கூரையைத் தாங்கி நின்ற, ஊறிப்போன மரமுட்டுகளின் புளித்த வாடையும், எங்கோ சொட்டிக்கொண்டிருந்த நீரின் ஓசையும், தன் காலடிச் சத்தமே சற்றுத் தாமதித்துப் பின்னால் வந்து சேர்ந்த விதமும் அவளைக் கணவனை ஒட்டி நடக்க வைத்தன. அடியில் தண்டவாளம் கறுத்த நீருக்குள் போய் மறைந்தது. சுரங்கத்தையே மூடவைத்த வெள்ளம் அது. அன்று கீழே வேலையில் இருந்தவர்களை யாராலும் மீட்க முடியவில்லை.

கரையில் தம்பியின் செருப்பு கிடந்தது.

"உன் விளக்க அணை," என்றான் கணவன். அவன் முன்பு இங்கே வேலை பார்த்தவன். "ஆளைத் தேடணும்னா இருட்டுல நின்னுதான் பாக்கணும். அவன் வெளிச்சம் எங்க இருந்தாலும் தெரிஞ்சுடும்."

அணைத்தார்கள். கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒன்றாக இருந்த இருட்டு.

பிறகு, தூரத்தில் ஒரு மஞ்சள் புள்ளி.

"தம்பிதாங்க!" அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அவனுக்கோ பழைய பழக்கம் முந்திக்கொண்டது. தலைவிளக்கைப் போட்டு, தலையை மேலும் கீழும் அசைத்தான். சுரங்கத்து ஆட்களுக்கு அது 'வா' என்ற சைகை.

புள்ளியும் மேலும் கீழும் அசைந்தது. நெருங்கி வந்தது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வெளிச்சம் நீருக்கு மேலே இல்லை. உள்ளே.

"என்னங்க… வர வேணாம்னு சொல்லுங்க."

அவன் தலையை இடமும் வலமும் ஆட்டினான். நில். நில்.

நிற்கவில்லை. அதன் பின்னால் இன்னொரு விளக்கு எரிந்தது. அதன் பின்னால் இன்னொன்று. சரிவு முழுக்க.

ஓட வேண்டும். தம்பியை விட்டுவிட்டு எப்படி?

தம்பிதான். ஒரு சலனமும் இல்லாமல் நீரைவிட்டுத் தலை எழுந்தது. கண்கள் மூடியிருந்தன. வாயிலிருந்து நீர் வழிந்தது. அவன் தோளில், பின்னால் வந்தவரின் ஊறி வெளுத்த கை. அவர் தோளில் அடுத்தவரின் கை.

தம்பி கையை நீட்டினான். முன்னால் நின்ற கணவனின் தோளில் வைத்தான்.

கணவனின் கண்கள் மூடின. மெல்ல அவள் பக்கம் திரும்பினான். அவன் கை, அவள் தோளை நோக்கி உயர்ந்தது.