இரவல் களைப்பு

பனிச்சறுக்குப் பந்தயத்தின் கடைசி ஏற்றத்தில் ஆரணிக்கு வந்திருக்க வேண்டிய களைப்பு, கொக்குவிலில் ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவருக்கும், டொராண்டோவில் ஒரு பல் வைத்தியருக்கும், இன்னும் பெயர் தெரியாத எத்தனையோ பேருக்கும் போய்ச் சேர்ந்தது. ஆரணிக்கு மூச்சு வாங்கியது, வியர்த்தது, அவ்வளவுதான். தடிகளை ஊன்றி ஸ்கீயைத் தள்ளிக்கொண்டு அவள் முடிவுக் கோட்டைத் தாண்டியபோது, கடைத்தெருவுக்குப் போய்வந்தவள் போலத்தான் இருந்தாள். வழக்கம்போல நடுவில் ஓர் இடம் கிடைத்தது.

பிடரியில் ஒட்டியிருந்த விரல் அகல நாடாவுக்குப் பெயர் அயர்வுகடத்தி. தசைக்கு உள்ள பலம் தசைக்கு உள்ளதுதான், அதில் யாரும் கைவைக்க முடியாது. 'போதும், நில்' என்று மூளை போடும் கூப்பாட்டை மட்டும் அந்த நாடா பிடுங்கி, விரும்பிக் கேட்பவரின் மூளைக்கு அனுப்பிவிடும். அப்படி வாங்கிச் சுமப்பவர்களைத் தாங்கிகள் என்றார்கள். முதலில் தாங்கிகள் ரசிகர்களாகத்தான் இருந்தார்கள். தங்கள் ஆள் வெல்லட்டும் என்ற பாசம். பிறகு அவர்களுக்கு வேறொன்று பிடிபட்டது. கட்டிலில் விழுந்த கையோடு நித்திரை வந்தது. கூட்டுவது, சமைப்பது, தூக்குவது எல்லாவற்றையும் இயந்திரங்களின் தலையில் கட்டிவிட்டு, இரவெல்லாம் தலைக்கு மேலே வீட்டு முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடந்த உலகத்துக்கு இது போதாதா? யார் வெல்கிறார் என்று கேட்பதை விட்டுவிட்டு, யார் நன்றாகக் களைக்கிறார் என்று கேட்கத் தொடங்கினார்கள்.

ஆரணி நன்றாகக் களைப்பவள். மூட்டை சுமக்கிறவள் மாதிரித்தான் மேடு ஏறுவாள். "பிள்ளை, நேற்று நீ ஏறின ஏற்றம் அருமை. விடிஞ்சது கூடத் தெரியாமக் கிடந்தன்," என்று முன்பின் தெரியாத மாமிமார் குரல்செய்தி அனுப்புவார்கள். கேட்க அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கும். போட்டியாளர்கள் எல்லோருமே நாடா ஒட்டிக்கொண்டதால் ஒருவருக்கும் ஒரு ஆதாயமும் இல்லை என்பது வேறு கதை. முன்னால் வந்தவர்கள் முன்னாலேயே வந்தார்கள், ஆரணி நடுவிலேயே வந்தாள். கழற்றினால் பின்னுக்குப் போய்விடுவோம் என்ற பயத்தில் ஒருவரும் கழற்றவில்லை.

பனிக்காலம் முழுக்க அவளுடைய வீடு ஒரு வான் வண்டி. இந்தக் கிழமை சுவீடன், அடுத்த கிழமை இத்தாலி, அதற்கடுத்தது பின்லாந்தின் வடக்கு என்று பனி இருக்கும் பக்கமெல்லாம் அது போகும். வானை ஓட்டுபவள், ஸ்கீக்கு மெழுகு போடுபவள், பின்பக்க அடுப்பில் பருப்பு வைப்பவள் எல்லாமே அவளுடைய மாமி மகள் வாசுகிதான். வாசுகி இரண்டு வயது மூத்தவள். ஒஸ்லோவில் நல்ல வேலையை விட்டுவிட்டு, "நீ தனிய அலையிறதை நான் பாத்துக்கொண்டிருக்கேலாது," என்று ஏறியவள். அன்றைய பனியைக் கையில் அள்ளி நசுக்கிப் பார்த்து, எந்த மெழுகு பிடிக்கும் என்று முடிவெடுப்பாள். சமயத்தில் கணக்குப் பிழைத்தும் போகும். அப்போது இருவரும் பனியைத் திட்டுவார்கள். ஈரக் கையுறையும் மெழுகுப் புகையும் தாளித்த வெங்காயமுமாக மணக்கும் அந்த வானைவிட நல்ல இடம் உலகத்தில் இருப்பதாக ஆரணி நம்பவில்லை.

அந்த வாசுகிதான் பருவத்தின் கடைசிப் பந்தயத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது சொன்னாள்.

"இந்தப் பந்தயத்தோட நான் வீட்டை போறன் ஆரணி. அண்டைக்குப் பின்னேர ரயிலுக்கு இடம் போட்டிட்டன்."

"ஏன் மச்சாள்? நான் ஏதும் பிழையாக் கதைச்சிட்டனோ?"

"சீ, அப்பிடியெல்லாம் இல்லை. எனக்கு நித்திரை வருகுதில்லை. மாதக்கணக்கா இல்லை. ஓடித் திரியிற சீவியம் எனக்கு ஒத்துவரேல்லைப் போல."

கண்ணுக்குக் கீழே கரி பூசினது போல இருந்த வாசுகியின் முகத்தை ஆரணி அப்போதுதான் சரியாகப் பார்த்தாள். வாசுகி போனால் வான் போனது மாதிரி. வேறொருத்தரைச் சம்பளத்துக்குப் பிடிக்கலாம், ஆனால் அவரோடு பனியைத் திட்ட முடியுமா?

மேல்கட்டிலில் ஏறிப் படுத்தவளுக்கு இன்னொரு உறுத்தலும் இருந்தது. வாசுகிக்கு வராத நித்திரை அவளுக்கு நன்றாக வந்துகொண்டிருந்தது. காரணத்தை அவள் ஒருவரிடமும் சொன்னதில்லை. களைப்பையெல்லாம் அனுப்பிவிட்ட போட்டியாளர்களுக்கு இரவில் என்ன மிஞ்சும்? முகடுதான். ஆகவே அவர்கள் ஒவ்வொருவரும் கமுக்கமாக வேறு யாருக்கோ தாங்கிகளாகிவிட்டார்கள். தோதான களைப்பு கிடைத்தவர்கள் கொஞ்சப் பேர்தான். ஆரணியும் தேடினாள். ஒரு கல்லுடைப்பவரின் களைப்பை வாங்கிப் பார்த்தாள், தாங்க முடியவில்லை. ஒரு தாதியின் களைப்பில் ஏனோ அழுகை வந்தது. மூன்றாவதாகக் கிடைத்தது அவளுக்கென்றே அளவெடுத்தது போல இருந்தது: தோளிலும் வலது மணிக்கட்டிலும் இதமான கடுப்பு, நின்று நின்று கனத்த குதிக்கால். கொடுப்பவரின் பெயரை அந்த ஏற்பாட்டில் காட்டமாட்டார்கள். நேர்மையான உழைப்பாளி, நீடூழி வாழட்டும் என்று ஆரணி நினைத்துக்கொள்வாள்.

மறுநாள் மதியம், அடுத்த நாள் ஓட்டத்துக்காகக் கொஞ்சம் கண்ணயரலாம் என்று படுத்து நாடாவை 'வாங்கு' பக்கம் திருப்பினாள். வானுக்கு வெளியே வாசுகி, ஸ்கீயில் காய்ந்த மெழுகைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். சர்ர்ர். ஆரணியின் மணிக்கட்டில் ஒரு கடுப்பு ஏறியது. சத்தம் நின்றது, கடுப்பும் நின்றது. மறுபடி சர்ர்ர். மறுபடி மணிக்கட்டு.

ஆரணி எழுந்து உட்கார்ந்தாள். யன்னலைத் திறந்து தலையை நீட்டினாள்.

"மச்சாள், ஒருக்கா நிப்பாட்டுங்கோ."

வாசுகி நிறுத்தினாள். தோள் இலேசானது.

"இப்ப சுரண்டுங்கோ."

"உனக்கென்ன விசரோ?" என்றபடி வாசுகி சுரண்டினாள். தோள் கனத்தது.

ஆரணி காலுறையோடு பனியில் இறங்கி ஓடி, வாசுகியின் கழுத்துச் சால்வையை விலக்கிப் பார்த்தாள். பிடரியில் விரல் அகல நாடா ஒட்டியிருந்தது.

"பேசாத," என்றாள் வாசுகி, அவள் வாயைத் திறக்குமுன்பே. "நாலைஞ்சு சோடி சுரண்ட என்ரை கை ஓய்ஞ்சு போகுது. கை ஓய்ஞ்சா மெழுகு ஒரு பக்கம் தடிக்குது. உன்ரை ஓட்டம் என்ரை கையாலை கெடக்கூடாது எண்டுதான் ஒட்டினனான். ஆரோ பாவம், நித்திரையில்லாத ஒரு சீவன் அதை வாங்கிக்கொண்டு இருக்குது."

"அந்தச் சீவன் நான்தான் மச்சாள்."

வாசுகி தன் கையைப் பார்த்தாள், பிறகு ஆரணியின் பிடரியைப் பார்த்தாள்.

"இவ்வளவு நாளும் உங்கட நித்திரையைத்தான் நான் கொண்டிருக்கிறன்," என்றாள் ஆரணி. ஒரே வானுக்குள் மேல்கட்டிலுக்கும் கீழ்க்கட்டிலுக்கும் இடையில் போய்வர வேண்டிய சமாசாரம், வானத்துச் செய்மதிவரை ஏறி இறங்கியிருக்கிறது. வாசுகி அவளை முறைத்துப் பார்த்தாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள், ஸ்கீயைக் கீழே வைத்துவிட்டுப் பனியில் உட்கார்ந்து சிரித்தாள். ஆரணி அழுதுகொண்டே சிரித்தாள்.

"நீங்கள் அதைக் கழட்டுங்கோ."

"அப்ப உனக்கு?"

"எனக்கு என்ரை இருக்குத்தானே," என்று சொல்லி ஆரணி தன்னுடையதையும் உரித்தெடுத்தாள்.

பந்தயம் மோசமாகப் போனது. முதல் மேட்டிலேயே தொடை எரிந்தது, இரண்டாவதில் அவள் தான் கும்பிடும் நல்லூர் முருகனை முறையாகத் திட்டினாள். எல்லோரும் அவளைக் கடந்து போனார்கள். முகம் சுளிக்காமல், கடைத்தெருவுக்குப் போகிறவர்கள் போல. தன் சொந்தக் களைப்பு எப்படியிருக்கும் என்பதே மறந்துபோயிருந்த ஆரணிக்கு, தன் கால் தன்னுடையதுதான் என்று ஒவ்வொரு அடியிலும் தெரிந்தது. வலித்தது, ஆனால் பிடித்திருந்தது. தடத்தோரம் வாசுகி, சுரண்டி ஓய்ந்த கையை ஆட்டிக்கொண்டு, "விடாத, ஏறு," என்று கத்தியபடி கூடவே இரைக்க இரைக்க ஓடிவந்தாள். ஆரணி கடைசியாக வந்தாள்.

வானுக்குள் இருவரும் சோற்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தது ஞாபகம் இருந்தது. சாப்பிட்டது ஞாபகம் இல்லை. வாசுகி பின்னேர ரயிலுக்காக வைத்த மணி அடித்து, அலுத்து, தானாகவே ஓய்ந்தது.

யாரோ கதவைத் தட்டியபோது அடுத்த நாள் வெயில் ஏறியிருந்தது. வாசுகி எழுந்து மணியைப் பார்த்தாள், அடுக்கி வைத்த பயணப்பையைப் பார்த்தாள், பிறகு பையைக் காலால் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டுப் போய்க் கதவைத் திறந்தாள்.

வெளியே நின்றது லினேயா, நேற்று முதலாவதாக வந்த சுவீடன்காரி. கழுத்தில் பதக்கத்தைக் கழற்றக்கூட இல்லை. அவளுக்குப் பின்னால் இரண்டாவதாக வந்தவளும் மூன்றாவதாக வந்தவளும் வேறெங்கோ பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஆறு கண்களுக்குக் கீழும் கரி.

"நேற்று மத்தியானத்திலிருந்து உங்கள் வானில் குறட்டைச் சத்தம்," என்று லினேயா நோர்வேஜிய மொழியில் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "ஆரணி தன் களைப்பைக் கொஞ்சம் எங்களுக்கும் தருவாளா? அவள் என்ன கேட்டாலும் தருகிறோம்." அவள் கை பதக்கத்தின் மேல் இருந்தது.

மேல்கட்டிலில் போர்வைக்குள் நெளிந்த ஆரணி, நோகாத இடம் ஒன்று தன் உடம்பில் மிச்சம் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தாள். இல்லை. சுகமாக இருந்தது.

"என்னவாம் மச்சாள்?"

"உன்ரை களைப்பு வேணுமாம்."

"இல்லையெண்டு சொல்லுங்கோ. அது எனக்கே காணாது," என்றுவிட்டு ஆரணி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.