பிறப்பிடம் பண்டத்தரிப்பு, வதிவிடம் கனடா

கணினிப் பெட்டியைச் சாக்கில் கட்டி, காய்ச்சல்காரப் பிள்ளையைப்போல மடியில் வைத்துக்கொண்டு ஓட்டோவில் வந்திறங்கினார் கமலாவதி. யாழ்ப்பாணம் ஐந்து சந்திக்குப் பக்கத்தில் இருந்தது கைருன்னிஸாவின் கணினி திருத்தும் கடை. கணினியோடு வருகிறவர்களின் குடும்பச் சிக்கலையும் அவர் சேர்த்துத் திருத்திவிடுவார் என்று ஒரு பேச்சு உண்டு. அதைப் பரப்பியவர் அவருடைய கணவர் றிஸ்விதான்.

“தங்கச்சி, இதுக்குள்ளை இருந்த எல்லாம் பூட்டுப்பட்டுப் போச்சு. என்ரை மகள் தாரிகாவின்ரை கலியாணப் படமெல்லாம் போச்சு. காசு கட்டினால்தான் திறப்பினமாம் எண்டு எழுதிக் கிடக்கு,” என்றார் கமலாவதி. “இதைச் செய்தது என்ரை மருமோன்தான். எனக்குத் தெரியும்.”

“தெரிஞ்சால் பண்டத்தரிப்பிலையிருந்து இவ்வளவு தூரம் ஏன் அக்கா வந்தனீங்கள்?”

கமலாவதி நடந்த கதையைச் சொல்லத் தொடங்கினார். தாரிகா விரும்பிக் கட்டியவன் ஜெரிசன், இளவாலைச் சேர்ச்சுக்குப் போகும் வேதக்காரப் பொடியன். தேர்த் திருவிழா அன்று எல்லோரும் கோயிலுக்குப் போக, அவன் மட்டும் வீட்டில் நின்றான். திரும்பி வந்து பார்த்தால் கணினி இந்தக் கோலத்தில் கிடந்தது. கண்ட கண்ட படங்களையும் கணினியில் இறக்கினாய் என்று கமலாவதி வாய்க்கு வந்தபடி பேசிவிட்டார். ஜெரிசன் ஒரு சொல் மறுக்கவில்லை. ஆனால் தாரிகா உடுப்பு அடுக்கத் தொடங்கிவிட்டாள். நாளைக்கு இரண்டு பேரும் இளவாலைக்குப் போகிறார்கள்.

“அவன் செய்யேல்லை எண்டால், நான் எந்த வாயாலை என்ரை பிள்ளையை மறிக்கிறது?” கமலாவதியின் கண் கலங்கிவிட்டது.

றிஸ்வி கதிரையை இழுத்துக்கொண்டு வந்தார். “அக்கா, வைரசுக்குக் காவல் மென்பொருள் போட்டிருந்ததோ?”

“ஓம், மருமோன்தான் போட்டவன். போன மாதமும் புதுப்பிச்சவன்.”

“பூட்டின வீட்டுக்குள்ளை கள்ளன்! அப்ப திறப்பு வச்சிருந்தவன்தான் திறந்திருக்கிறான், கைருன்.”

“கொஞ்சம் பொறுங்கோ,” என்றார் கைருன்னிஸா. “அக்கா, தேரண்டு இடையிலை ஆரும் வீட்டை வந்ததோ?”

“எங்கடை இவர் ஒருக்கா வந்தவர். தோட்டத்து மோட்டரை நிப்பாட்ட மறந்திட்டாராம். பிறகு கால் நோகுது எண்டு கோயில் பக்கமே வரேல்லை. தீர்த்தத் திருவிழாவுக்கும் வரேல்லை. கோயில் கொடியேறினால் வீட்டையே மறக்கிற மனுசன்!”

கைருன்னிஸா தலையாட்டினார். கமலாவதியின் கணவர் பரமலிங்கம் ஊர்ச் சங்கத்தின் செயலாளர். சங்கத்துக்கென்று திறந்த மின்னஞ்சலைத்தான் வீட்டில் எல்லோரும் பாவித்தார்கள். அதைக் கைருன்னிஸா தன்னுடைய கணினியில் திறந்து பார்த்தார். அழிக்கப்பட்டவற்றுக்குள் ஒரு கடிதம் கிடந்தது. றிஸ்வி அதை உரக்க வாசித்தார்.

“மரண அறிவித்தல். பண்டத்தரிப்பைப் பிறப்பிடமாகவும் கனடாவை வதிவிடமாகவும் கொண்டவர் காலமானார். பெயர், படம், கருமாதி விபரங்கள் இணைப்பில் உள்ளன. கோப்பைத் திறக்கும் சொல் கீழே.”

“கனடாவிலை உங்கடை ஆக்கள் இருக்கினமோ, அக்கா?”

“இவரின்ரை தம்பி தில்லைநாதன் இருக்கிறார். ஆனால் அந்தப் பேரை எங்கடை வீட்டிலை எடுக்கேலாது. வேலிச் சண்டை. பத்து வருசமாக் கதை பேச்சு இல்லை.”

கைருன்னிஸா கடிதத்தை இன்னொரு முறை வாசித்தார். “நாளைக்கு மத்தியானம் வீட்டை வாறம். எல்லாரும் நிண்டால் நல்லது.”

மறுநாள் அவர்கள் போனபோது பண்டத்தரிப்பு வீட்டின் விறாந்தையில் இரண்டு பயணப் பெட்டிகள் நின்றன. குசினியில் விளைமீன் குழம்பு மணத்தது. பரமலிங்கம் தோட்டத்திலிருந்து சைக்கிளில் வந்து, படலையடியில் குதித்து இறங்கினார். தாடி வளர்ந்திருந்தது, நெற்றி வெறுமையாக இருந்தது.

“அக்கா, எல்லாருக்கும் மீனோ?” என்று கேட்டார் கைருன்னிஸா.

“இவருக்குப் பருப்பு. கொடி இறங்கின பிறகும் மீன் மச்சம் தொடுறாரில்லை. பக்தி கூடிப்போச்சு.”

பக்தி கூடியவர் கோயிலுக்குப் போகவில்லை என்பதைக் கைருன்னிஸா வாய்விட்டுச் சொல்லவில்லை. இதற்குள் றிஸ்வி கதிரைகளை வட்டமாகப் போட்டு, எல்லோரையும் இருத்திவிட்டார். அவருக்கு இந்தக் கட்டம்தான் உயிர்.

“காவல் மென்பொருள் வாசல் காவல்காரன் மாதிரி,” என்று தொடங்கினார் கைருன்னிஸா. “தெரிஞ்ச கள்ளரைத்தான் சட்டெண்டு மறிப்பான். இது பூட்டுப் போட்ட பெட்டியா வந்தது. பூட்டினதுக்குள்ளை அவனாலை பாக்கேலாது. அதைத் திறக்கிற சொல் கடிதத்திலையே கிடந்தது, திறந்தது வீட்டு ஆள். பிறகும் அவன், ‘இது தெரியாத ஆள், விடட்டோ?’ எண்டு கேட்டிருக்கிறான். ‘விடு’ எண்டு அமத்தினதும் வீட்டு ஆள்தான்.”

கமலாவதி ஜெரிசனைப் பார்த்தார்.

“அவரில்லை, அக்கா. இளவாலை ஆளுக்கு இந்த ஊர்ச் சாவிலை என்ன அவசரம்? தாரிகா வரட்டும் எண்டு விட்டிருப்பார். கனடாவிலை தன்ரை ரத்தம் இருந்தும், பேர் சொல்லி விசாரிக்கேலாத ஒருத்தர்தான் இதை உடனை திறப்பார்.” அவர் பரமலிங்கத்தின் பக்கம் திரும்பினார். “அண்ணை, கால் நோ எண்டு கோயிலுக்குப் போகேல்லை, ஆனால் சைக்கிளாலை குதிக்கிறியள். நெத்தியிலை திருநீறு இல்லை, மச்சமும் இல்லை. நான் சோனகப் பொம்பிளைதான். ஆனாலும் சாவுத் துடக்குக் காக்கிற ஆளைக் கண்டால் எனக்கும் தெரியும். ஆருக்காக அண்ணை காக்கிறியள்?”

பரமலிங்கம் நிலத்தைப் பார்த்தார்.

“தம்பிக்கு,” என்றார். “பேர் உள்ளுக்கை எண்டு போட்டிருந்தது. திறந்தால் பேருமில்லை, படமுமில்லை. எல்லாம் கறுத்துப் போச்சு. நான் எந்த முகத்தோடை ஆரைக் கேக்கிறது? அவன்தான் எண்டு மனம் சொல்லிச்சுது. மருமோன் பேச்சு வாங்கேக்கை சொல்லத்தான் வந்தனான். ‘தம்பி’ எண்டு வாயெடுத்தால் அழுதிடுவன் எண்டு பயமாக் கிடந்தது.”

“தம்பி சாகேல்லை, அண்ணை. பண்டத்தரிப்பு ஆளுக்கு ஆர் கருமாதி செய்யிறது? உங்கடை ஆக்கள் அதை அந்தியேட்டி எண்டெல்லோ சொல்லுவினம்! முதல் வரி எங்கடை மரண அறிவித்தலைப் பாத்து அடிச்ச கொப்பி. மிச்சத்தை எழுதினவனுக்கு இந்த ஊரைத் தெரியாது. கருமாதி எண்ட சொல் இவர் பாக்கிற இந்திய நாடகத்திலைதான் வாறது.”

றிஸ்வி இருமினார்.

“சங்கத்து விலாசங்கள் எங்கையோ கசிஞ்சிருக்கு. கனடாவிலை சொந்தமில்லாத வீடு இங்கை எத்தினை? பேர் போடாமல் விட்டதுதான் தூண்டில்.” பிறகு அவர் மருமகனைப் பார்த்தார். “உங்களுக்குத் தெரியும், என்ன?”

“மாமா கணினிக்கு முன்னாலை இருந்து அழுததைக் கண்டனான்,” என்றான் ஜெரிசன். “என்னத்துக்கெண்டு தெரியாது. அதைப் போய் மாமியிட்டை எப்பிடிச் சொல்லுறது? கலியாணப் படங்கள் வேறை டிஸ்கிலை எடுத்து அலுமாரிக்குள்ளை வச்சிருக்கிறன் மாமி. அதைச் சொல்லத்தான் பாத்தனான். நீங்கள் பேச்சை நிப்பாட்டேல்லை.”

கமலாவதி எழுந்துபோய் அவன் தலையில் கை வைத்தார். பிறகுதான் கணவர் மேல் பாய்ந்தார்.

“விசர் மனுசன்! தம்பி கல்லு மாதிரி இருக்கிறார். முந்தநாளும் அவரின்ரை மனுசி அருமைநாயகியோடை கதைச்சனான்!”

“பத்து வருசமா அவையோடை கதைக்கிறனியோ?”

“பின்னை? சண்டை உங்கள் ரெண்டு பேருக்கும்தானே.”

சொல்லிக்கொண்டே கமலாவதி கைபேசியில் கனடா எண்ணை அழுத்தினார். அங்கே இப்போது சாமம் என்று தாரிகா தடுத்தாள். எழும்பட்டும் என்றார் தாய். அந்தப் பக்கம் நித்திரை கலைந்த தில்லைநாதனின் குரல் பதறியது.

“ஆர் அது? ஊரிலை ஆருக்கு என்ன?”

பரமலிங்கம் கைபேசியை வாங்கினார். “ஒருத்தருக்கும் ஒண்டுமில்லையடா. நான்தான், உன்ரை அண்ணை.”

அந்தப் பக்கம் தம்பி விம்முவது விறாந்தையில் எல்லோருக்கும் கேட்டது. இந்தப் பக்கமும் அதே சத்தம்தான். றிஸ்வி கண்ணைத் துடைத்தார். தாரிகா பயணப் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போனாள்.

பேசி முடித்த பரமலிங்கம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு குசினிப் பக்கம் திரும்பினார்.

“கமலம், அந்த மீன் குழம்பைக் கொண்டா. முதல்லை மருமோனுக்குப் போடு.”