சிவப்புக் கோட்டில் நின்ற தண்ணீர்

காலை 9.20. தொட்டிக்குள் தோள்வரை கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்த ஆய்வக உதவியாளர் நிமிர்ந்தார்.

"நாலாவது குழுவோடதக் காணோம் சார்."

"காணோம்னா? ஒவ்வொண்ணும் எட்டு கிலோ. கால் முளைச்சு நடந்து போச்சா?" என்றார் விரிவுரையாளர்.

அன்று சிவில் இறுதியாண்டின் கான்கிரீட் செய்முறைத் தேர்வு. ஆறு குழுக்கள். ஒவ்வொரு குழுவும் தானே கணக்குப் போட்ட கலவையில் பதினைந்து சென்டிமீட்டர் கனசதுரமாக மூன்று க்யூப் வார்த்து, மறுநாள் அச்சிலிருந்து பிரித்து, இந்தத் தொட்டியில் ஊறவைத்திருந்தது. இருபத்தெட்டாம் நாளான இன்று அவற்றை இயந்திரத்தில் நசுக்கி வலிமை பார்க்க வேண்டும். தொட்டியில் பதினெட்டு இருக்க வேண்டிய இடத்தில் பதினைந்துதான் இருந்தன.

விரிவுரையாளர் குரலைத் தாழ்த்தவில்லை. "சனி, ஞாயிறு சாவி உங்ககிட்டதானே இருந்துச்சு? போன வருஷம் ஒரு லெவல் கருவி காணாமப் போனதுக்கே மெமோ வாங்கினீங்க. இந்தத் தடவை ஹெச்ஓடி உங்கள வீட்டுக்கு அனுப்பாம விடமாட்டார். இதோ, லெட்டர் எழுதறேன்."

உதவியாளர் ஈரக் கையைத் துடைக்கக்கூட மறந்து நின்றார். விரலிலிருந்து தண்ணீர் தரையில் சொட்டியது.

மேசையருகே இருந்த, வெளியிலிருந்து வந்த பெண் தேர்வாளர் எழுந்தார். பாலங்களைச் சோதிக்கும் அலுவலகத்தில் இருபது வருடம் வேலை பார்த்தவர். ஒன்பது மணிக்கு வந்தார், வாசலில் கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்த கான்கிரீட் துண்டில் கால்விரலை இடித்துக்கொண்டார், 9.05க்கு விரிவுரையாளர் நீட்டிய ஆறு மதிப்பெண் தாள்களிலும் கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடித்தார். இதுவரை அவர் பார்த்த வேலை அவ்வளவுதான்.

"லெட்டர் அப்புறம் எழுதலாம் சார். தொட்டியிலிருந்து எதையும் வெளிய எடுக்காதீங்க."

9.35. தண்ணீர் சுண்ணாம்பு கரைந்து பால்போல் இருந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று கையை விட்டுத்தான் தெரிந்துகொள்ள முடியும். உட்சுவரில் ஒரு சிவப்புக் கோடு.

"இது என்ன கோடு?"

"அதுவரைக்கும் தண்ணி இருக்கணும் மேடம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நிரப்பிட்டு மூடி போட்டுடுவேன்."

"இந்த வெள்ளிக்கிழமையும்?"

"நிரப்பினேன் மேடம்."

"சரியா கோடு வரைக்கும்?"

"ஒரு நூல் கூடவும் இல்ல, குறையவும் இல்ல."

தேர்வாளர் சுவரோரக் குழாயைத் திருகினார். காற்று மட்டும் சீறியது.

"சனிக்கிழமை காலையிலிருந்து தண்ணி இல்ல மேடம். பைப் வேலை நடக்குது. டீக்கே கேன் தண்ணிதான்."

"யார்கிட்டயாவது ஸ்கேல் இருக்கா?"

மாணவர்கள் சிரித்தார்கள். நான்காம் குழுவின் தலைவிக்குப் பட்டப்பெயரே ஸ்கேல்தான். தலைப்புக்கு அடிக்கோடு போடவும் எஃகு ஸ்கேலை எடுக்கிற பெண். அவள் சிரிக்காமல் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். தேர்வாளர் அதைச் சுவரோடு வைத்து, கோட்டுக்கும் தண்ணீருக்கும் இடையே அளந்தார். மூன்று மில்லிமீட்டர்.

"மூடி போட்டிருந்தா ரெண்டு நாளுல இவ்வளவு இறங்கும்" என்றார் உதவியாளர்.

"சரிதான்." ஸ்கேலை அவர் திருப்பிக் கொடுக்கவில்லை.

9.50. பதிவேட்டை வாங்கிப் புரட்டினார். வார்ப்புக்கு மறுநாள் செவ்வாய்க்கிழமைப் பக்கத்தில் குழுத் தலைவர்கள் எழுதிய ஆறு வரிகள். நான்காவது: "தொட்டியில் வைத்தவை 3." அதன் கீழே சிவப்பு மையில் நூல் பிடித்தாற்போல் ஒரு அடிக்கோடு. பக்கத்தின் அடியில் விரிவுரையாளரின் கையெழுத்து. பிறகு நான்கு வெள்ளிக்கிழமைகள். நான்கிலும் உதவியாளரின் எழுத்தில் "எண்ணிக்கை 18."

"அச்சு பிரிக்கிறப்ப குழுவுல யார் யார் இருந்தீங்க?"

அதே குழுவில் வாய் ஓயாத ஒருவன் இருந்தான். ரேடியோ என்று கூப்பிடுவார்கள். "நாங்க மூணு பேரும் அன்னிக்கு இன்டர்வியூ போயிட்டோம் மேடம். ஒருத்தரும் செலக்ட் ஆகலங்கறது வேற விஷயம். இவதான் தனியா பிரிச்சா. ஆனா மேடம், போன வாரம் மிக்சர் கழுவலைன்னு லேப் அண்ணன் எங்களைக் காய்ச்சி எடுத்தாரு. அந்தக் கோவத்துல..."

"டேய், வாயை மூடு" என்றாள் ஸ்கேல்.

10.05. தேர்வாளர் அலமாரிக்குப் போனார். எண் போட்ட இரும்பு அச்சுகள் வரிசையாக இருந்தன. மற்றவற்றின் உட்புறம் எண்ணெய்ப் பளபளப்போடு வழவழவென்றிருந்தது. நான்காம் குழுவின் மூன்றிலும் சாம்பல் நிறப் பொருக்கு; அதன்மேல் உளி கீறிய தடங்கள்.

பிறகு வாசலுக்குப் போய், தன் கால்விரலை இடித்த துண்டின் முன் குனிந்தார். தரையைப் பார்த்திருந்த பக்கம் மேலே வர அதைத் திருப்பிப் போட்டார். ஈரக் கான்கிரீட்டில் ஆணியால் கீறிய எழுத்து: 4. அதன் கீழே பாதி உடைந்துபோன தேதி.

"இது எங்க கிடைச்சுது உங்களுக்கு?"

உதவியாளர் கிட்டே வந்து குனிந்து பார்த்தார். "பின்னாடி இடிசல் குவியல்ல... கதவு காத்துல அடிச்சிக்கிட்டே இருந்துச்சு. கைக்கு அடக்கமா இருக்கேன்னு எடுத்தாந்தேன். போட்டு மூணு நாலு வாரம் இருக்கும். திருப்பிப் பார்க்கல மேடம்."

10.20. எல்லோரும் தொட்டியைச் சுற்றி நின்றார்கள். தேர்வாளர் கரும்பலகையில் எதுவும் எழுதவில்லை. பாடம் அவர்களுடையதுதான்.

"மூணு க்யூப் எத்தனை லிட்டர் இடத்தை அடைக்கும்?"

"பத்து" என்றான் ரேடியோ.

"தொட்டி ரெண்டு மீட்டர் நீளம், அரை மீட்டர் அகலம். பத்து லிட்டரை எடுத்தா மட்டம் எவ்வளவு இறங்கும்?"

"ஒரு சென்டி..." அவன் பாதியில் நிறுத்திக்கொண்டான்.

"இறங்கினது மூணு மில்லிமீட்டர். நிரப்ப குழாயில தண்ணியும் இல்ல. அதனால சனி, ஞாயிறுல யாரும் எதையும் எடுக்கல. வெள்ளிக்கிழமை கோடு வரைக்கும் நிரப்பினப்பவே தொட்டியில பதினஞ்சுதான். அச்சுக்கு எண்ணெய் தடவாம வார்த்தா, பிரிக்கிறப்ப கான்கிரீட் இரும்பை விடாது. உளி வச்சுத் தட்டினா உடையும். உடைஞ்சுது. நாலாவது குழுவோட க்யூப் இந்தத் தண்ணியைப் பார்க்கவே இல்ல." எஃகு ஸ்கேலை நீட்டினார். "உன்னோடதும்மா."

அவள் வாங்கிக்கொண்டாள். தலையை நிமிர்த்தவில்லை.

"எண்ணெய் தடவறது என் வேலை மேடம். மறந்துட்டேன். ரெண்டு க்யூப் துண்டுதுண்டாயிடுச்சு, மூணாவதுக்கு மூலை போச்சு. இவங்க மூணு பேர்கிட்டயும் எப்படிச் சொல்றதுன்னு தெரியல. க்யூப் தொலைஞ்சு போனா வகுப்போட சராசரி மார்க் போடுவாங்கன்னு விதி இருக்கு. அதான்... பழி அண்ணன் மேல விழும்னு நான் யோசிக்கல. சார் சொன்னப்ப உடனே வாயைத் திறந்திருக்கணும். திறக்கல."

கடைசி வார்த்தை கேட்கவே இல்லை.

"அப்ப நாலு வெள்ளிக்கிழமை பதினெட்டு?" தேர்வாளர் உதவியாளரைப் பார்த்தார்.

அவர் காதுமடல் சிவந்தது. "கைய விட்டு எண்ணல மேடம். பதினெட்டுதானே இருக்கும்னு எழுதிட்டேன்." பிறகு அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பி, "சொல்லியிருந்தா அன்னிக்கே வேற வார்த்திருக்கலாமேம்மா. சிமென்ட் இருந்துச்சே" என்றார். அதைக் கேட்டபின்தான் அவள் அழுதாள்.

"நீங்க சார்? தொட்டியில மூணு வச்சதாக் கையெழுத்துப் போட்டிருக்கீங்க. பார்த்தீங்களா?"

விரிவுரையாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வாரத்துக்கு நாலு லேப் மேடம். பக்கத்தை நீட்டினாங்க, போட்டேன். எல்லா இடத்துலயும் இதான் வழக்கம். உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். தேர்வாளரின் பார்வை மேசைக்குப் போனது. டீக் கோப்பைக்கு அடியில் ஆறு மதிப்பெண் தாள்கள். ஆறிலும் மதிப்பெண் கட்டம் காலி. கீழே அவருடைய கையெழுத்து, அழகாக, சாவகாசமாக. ஒரு க்யூபைக்கூடப் பார்ப்பதற்கு முன்னால் போட்டது.

உதவியாளரின் வேலையைக் காலி செய்யவிருந்த கடிதம் அதன் பக்கத்தில் பாதியில் நின்றிருந்தது. விரிவுரையாளர் அதைக் கசக்கிவிட்டுப் புதிய தாளை எடுத்தார். பேனா காகிதத்தின் மேலேயே நின்றது.

"நடந்ததை நடந்த மாதிரியே எழுதிடறேன். ஆனா பார்க்காமக் கையெழுத்துப் போட்டவங்கன்னு... யார் பேரை மேடம் முதல்ல எழுதறது?"

தேர்வாளர் ஆறு தாள்களையும் ஒன்றாகச் சேர்த்துக் குறுக்கே கிழித்தார்.

"என் பேரை எழுதுங்க" என்றார். பிறகு சட்டைக் கையை மடக்கிவிட்டுக்கொண்டு, தொட்டிக்குள் கையை விட்டு, ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினார்.